கெலிப்பருக்குச் சிவப்புப் பூசும் முன்

எல்ல நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்குள் வெல்லவாய வந்துவிடும்; அதன் உயரம் 200 மீற்றர் அளவுதான். ஒரு தொன் எடையுள்ள கார் இந்த 800 மீற்றரை இறங்கும்போது இழக்க வேண்டிய சக்தி, 25 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கை டயரும் காற்றும் எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்து இறங்குகிறவருக்கு எஞ்சினும் தோள் கொடுக்கும். மிச்சம் அத்தனையும் சூடாக மாறுவது பிரேக்கில். இராவணா எல்ல அருவிக்கு எதிரே படமெடுக்க நிறுத்தும் கார்களின் பக்கத்தில் கருகல் வாடை வீசுவது அதனால்தான்.

அந்தச் சூட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது கெலிப்பர். சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் வைத்துக் கவ்விப் பிடிக்கும் வார்ப்பிரும்புத் துண்டு. 1953இல் லு மான் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு ஓடி வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இரும்புத் தட்டுச் சக்கரத்தின் பின்னால் மறைந்திருந்தவரை அதன் துருவை யாரும் பொருட்படுத்தவில்லை. அலோய் வீல் வந்ததும் எல்லாம் வெளியே தெரிந்தது. இத்தாலியின் பிரெம்போ போன்ற நிறுவனங்கள் பந்தயக் கார்களுக்குச் செய்த சிவப்புக் கெலிப்பர்களைப் படத்தில் பார்த்த பிள்ளைகள், ஹாலிஎலயிலும் பண்டாரவளையிலும் தங்கள் வீட்டு வாசலில் பிரஷ்ஷோடு குந்திவிட்டார்கள். சிவப்பு, மஞ்சள், இடையிடையே நீலமும் தெரிகிறது.

இது வெறும் ஷோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், இருக்கிற வண்டியை உயிரோடு வைத்திருப்பதே வீட்டுக்கு வீடு பெரிய வேலையாக இருந்தது. பழைய கொரோலாவும் மாருதியும் பேரப்பிள்ளை காலம்வரை ஓடவேண்டிய நிலை. வார்ப்பிரும்பில் மேலோட்டமான துரு உடனே ஆபத்தில்லை. ஆனால் அது பேட் நகரும் தடத்தில் பொருக்குத் தட்டினால் பேட் இறுகிக்கொள்ளும். பிரேக் ஒயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் காற்றுத் திருகின் கழுத்தில் பிடித்துவிட்டால், கழற்றும்போது திருகு உள்ளேயே முறிந்துவிடும். சுத்தம் செய்து பூசிய பெயிண்ட் இதைத் தள்ளிப்போடும்.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது சொந்தக் காருக்குக் கேட்பது காப்புறுதியும் புகைச் சான்றிதழும். புகைப் பரிசோதனை எஞ்சின் விடும் புகையை அளக்கும். பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காது. ஆகவே சிவப்பு ஆசை பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான், பல கார்களுக்கு நடக்கும் ஒரே பிரேக் பரிசோதனை.

மலைநாட்டில் முதல் சிக்கல், காரை நிறுத்தச் சமதரை கிடைப்பது. லயத்து முன்வாசலும் சரிவு, தோட்டத்துப் பாதையும் சரிவு. கோயில் முற்றமோ விளையாட்டு மைதானத்து ஓரமோ கிடைத்தால் நல்லது. மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜெக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்த பிறகே கை உள்ளே போகவேண்டும். அடுத்தது பருவம். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பதுளையில் மழை ஓயாது, பூசியது காயாது. ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற மணத்தைக் கொடுக்கும் ஜூலை, ஓகஸ்ட் வறண்ட காற்று பெயிண்டுக்கும் தோதுதான். ஆனால் அதே காற்று செம்மண் தூளையும் அள்ளிவரும். ஸ்ப்ரே அடித்தால் பாதி பக்கத்து வீட்டுத் துணியில் படியும். பிரஷ்ஷால் மெல்லிசாக இரண்டு, மூன்று தடவை பூசுவதே இங்கே சரி.

சாதாரண எனாமல் இந்த இறக்கங்களில் நிறம் மாறி உரியும். சூடு தாங்கும் கெலிப்பர் பெயிண்டே வேண்டும். பூசுவதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் உரசும்போது எழும் கறுப்புத் தூளை ஊதக் கூடாது. பழைய பேட்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் இங்கே எல்லாரிடமும் உண்டு. கெலிப்பருக்கு அது ஆகாது. ரப்பர் ஊதிப் போகும், எண்ணெய்ப் படலத்தின்மேல் பெயிண்ட் ஒட்டாது. பிரேக் கிளீனர் ஒரு கேன் வாங்கினால் போதும். டிஸ்க்கின் முகம், பேட், ரப்பர் உறை, காற்றுத் திருகு எல்லாவற்றையும் பழைய வீரகேசரித் தாளாலும் டேப்பாலும் மூடிவிட வேண்டும்.

தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், இப்படிக் குந்தியிருந்த பையனிடம் சொன்னார்:

“தம்பி, கலரு பொறகு அடிச்சுக்கலாம். மொதல்ல அந்தப் பின்னு ரெண்டையும் கழட்டிப் பாருங்க.”

“பேட் இன்னும் இருக்கே மாமா?”

“வெளிப்பக்கம் இருக்கு. உள்பக்கத்தப் பாத்தீங்களா?”

அவர் கேட்டது சரியான கேள்வி. பெரும்பாலான கார்களில் கெலிப்பர் இரண்டு பின்களின்மேல் அப்படியும் இப்படியும் நகரும் வகை. பிஸ்டன் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். அது உள்பேடைத் தள்ள, கெலிப்பர் முழுவதும் நகர்ந்துவந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். பின் வறண்டு இறுகிவிட்டால் அந்த நகர்வு நின்றுபோகும். பையன் பின்னை இழுத்தபோது அது வர மறுத்தது. திருகித் திருகி வெளியே எடுத்தால் கிரீஸ் இருந்த இடத்தில் மரப்பிசின்போல் பழுப்புப் பசை. வெளிப்பேடில் விரல்தடிப்பு மிச்சம். உள்பேடோ உலோகத் தகட்டைத் தொடும் தறுவாயில் இருந்தது. சக்கரத்தின் ஓட்டைகள் வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பேட் மட்டும்தான். ஆகவே சக்கரத்தைக் கழற்றாமல் “பேட் இருக்கு” என்று சொல்லும் யாரையும் நம்ப முடியாது.

பின்னைத் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் பூசிப் போட்டால் கட்டைவிரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். சக்கரத்துக்குப் போடும் சாதாரண கிரீஸ் அங்கே கூடாது. அதுவும் ரப்பரை ஊதவைக்கும். கழற்றிய கெலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டி வைக்க வேண்டும். புதுப் பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் மேலே டப்பாவில் பிரேக் ஒயில் உயரும். அது வழிந்து கார் உடம்பில் பட்டால் பெயிண்ட் உப்பி எழும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்.

அந்த ஒயிலைப் பற்றி ஊவாவில் இன்னும் உரத்துப் பேசவேண்டும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கட்டளை. ஈரம் ஏறிய பிறகு கேட்பது 140 மட்டுமே. டொட் 4க்கு அது 230, 155. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் கெலிப்பருக்குள் ஒயில் கொதித்துக் குமிழி கட்டும். ஒயில் அமுங்காது, குமிழி அமுங்கும். பெடல் காலடி வரை போய்விடும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் ஹப்புத்தளைப் பக்கத்தில் அந்தத் தவணையைத் தவறவிடவே கூடாது. கெலிப்பரைப் பளபளக்க வைத்துவிட்டு, டப்பாவில் தேயிலைச் சாயம்போல் கறுத்த ஒயிலோடு இறங்குகிறவரைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்லவிலிருந்து திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் இதே வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். பஸ்ஸின் பிரேக் அமைப்பு வேறு, காரின் அமைப்பு வேறு. இறங்கும் சரிவு இரண்டுக்கும் ஒன்றே. இரண்டாம் கியரில் இறங்கப் பொறுமையில்லாத ஓட்டுநரை எந்தக் கெலிப்பரும் காப்பாற்றாது. ஒட்டோ கியர் காரில் இதற்கென்றே எல் உண்டு. அக்குவா போன்ற ஹைபிரிட்டில் பி உண்டு. வாங்கி வருடக் கணக்காகியும் அந்த எழுத்துக்களைத் தொட்டே பார்க்காதவர்கள் பதுளையிலும் இருக்கிறார்கள்.

பூசியது ஒரு நாள் முழுக்கக் காயட்டும். சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரெதிராக இறுக்கியபின், காரை அசைக்கும் முன்பே பெடலைப் பலதடவை மிதித்து அது கெட்டியாகும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் மறுபடி பேடைத் தொட்டால்தான் பிரேக் பிடிக்கும். வாசலைத் தாண்டினாலே இறக்கம் என்ற ஊரில் முதல் மிதி வெறுமனே கீழே போனால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு ஹாலிஎலவரை மெதுவாக ஒரு சுற்று. நிறுத்தியதும் சக்கரத்தைத் தொடாமல், புறங்கையை அருகில் கொண்டுபோய் முன்பக்க இடது, வலது சூட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே அளவென்றால் வேலை சரி. ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிஸ்டனோ பின்னோ இன்னும் இறுகியிருக்கிறது. தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, டிஸ்க் கோணிப்போகும். தானாக ஆறவிட்டு கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். சீல் மாற்றினால் சரியாகும் கட்டத்திலேயே பிடித்துவிட்டால், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய் முழுக் கெலிப்பர் தேட வேண்டியிருக்காது. அங்கே சிவப்பாகப் பளபளக்கும் ரீகண்டிஷன் கெலிப்பர் கிடைத்தாலும், வாங்குமுன் ரப்பர் உறையைத் தூக்கிப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். துரு புள்ளி விட்டிருந்தால் அதை வாங்கக் கூடாது.