பூண்டு பிடுங்கும் மாதம்

மெய்ன் மாநிலத்தில் ஜூலை மாதம் ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடுகிறது. இரவு எட்டரை வரை இருட்டுவதில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை முட்டிக்கொண்டு நிற்கும் மாநிலம் அது. உறைபனி மே கடைசி வரை பயம் காட்டும். செப்டம்பரிலேயே மறுபடி எட்டிப் பார்க்கும். நடுவில் கிடைக்கிற நாலு மாதத்துக்குள் விதைத்து, களை எடுத்து, அறுத்து, ஊறுகாய் போட்டு, குளிர்காலத்துக்கு விறகும் அடுக்கியாக வேண்டும். நமக்குக் கோடை என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறிக்கு அடியில் படுப்பது. அங்கே படுக்கத்தான் நேரமில்லை.

பாங்கர் நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம்போலக் காரில் போனால் ப்ளூ ஹில் தீபகற்பம். சாலையோரம் அங்கங்கே ஒரு மரப்பெட்டி. உள்ளே முட்டை, கீரைக்கட்டு, பூங்கொத்து. பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. ஆள் கிடையாது. நான் போன வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று இருந்தது. அன்றைக்கு அதில் சீமைச் சுரைக்காய் மட்டும் குவிந்து கிடந்தது. ஜூலையில் சீமைச் சுரைக்காயைக் காசு கொடுத்து வாங்குகிறவன் தோட்டமில்லாதவன் என்று அங்கே கேலி பேசுவார்கள்.

பாஸ்டன் நண்பர் மூலம் அறிமுகமான குடும்பம். தகப்பனார் மரப்படகு கட்டும் பட்டறையில் தச்சர். தாயார் நர்ஸாக இருந்தவர்; மூத்தவளுக்கு ஏழு வயதானபோது வேலையை விட்டுவிட்டார். பதினான்கு வயதில் ஒரு பெண், பத்து வயதில் பையன், ஆறு வயதில் ஒரு கடைக்குட்டி. மூவரில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை, மூத்தவள் போன ஒரு வருடத்தைத் தவிர. “தங்கலாம், ஆனால் பூண்டு பிடுங்குகிற சமயம், சும்மா உட்கார முடியாது” என்று முன்பே எழுதியிருந்தார்கள்.

மெய்னில் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைப்பதற்குப் பெரிய சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. வட்டாரக் கல்வி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 175 நாள் கற்பிப்போம் என்று உறுதி சொல்ல வேண்டும். பாடப் பட்டியலில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் வழக்கம்போல உண்டு. அதோடு நூலகத்தைப் பயன்படுத்தத் தெரிவது ஒரு பாடம், மெய்ன் மாநிலத்தைப் பற்றிப் படிப்பது ஒரு பாடம். ஆண்டுக்கொரு முறை பிள்ளை தேர்வு எழுதலாம். இல்லையென்றால் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவர் அதன் நோட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, முன்னேற்றம் இருக்கிறது என்று எழுதித் தரலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்தக் காகிதங்கள் செப்டம்பர் 1க்குள் போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ‘குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள்’ என்று 1964இல் புத்தகம் எழுதிப் பேர்பெற்ற ஆசிரியர் ஜான் ஹோல்ட், பள்ளிகளைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையை இழந்து, 1977இல் பாஸ்டனிலிருந்து வீட்டுக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அன்று பல மாநிலங்களில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. ஹோல்ட் ஒரு பக்கமும் கிறிஸ்தவ மதப்பற்றுள்ள குடும்பங்கள் இன்னொரு பக்கமுமாகத் தள்ள, 1990களின் தொடக்கத்துக்குள் ஐம்பது மாநிலங்களிலும் கதவு திறந்துவிட்டது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டங்கள் ஒரே கதவைத் தள்ளியது அமெரிக்காவில்தான் நடக்கும்.

கோடையில் பிள்ளைகளுக்கு லீவு உண்டா என்று முதல் நாளே கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, லீவெல்லாம் பிப்ரவரியில்தான் என்றார். அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை விவசாய வேலைக்காக ஏற்பட்டது என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. பழைய காலத்துக் கிராமப் பள்ளிகள் குளிர்காலத்திலும் கோடையிலும்தான் நடந்தன. விதைப்புக்கும் அறுவடைக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூடினார்கள். கோடை விடுமுறை, புழுக்கம் தாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்பிய பட்டணத்து வசதிக்காரர்களால் வந்தது. அறுவடைக்காகப் பள்ளியை மூடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மெய்னின் வடகோடியில் இருக்கும் ஆருஸ்டுக் பக்கம் போகலாம். உருளைக்கிழங்கு பூமி. ஆகஸ்டிலேயே பள்ளியைத் திறந்து, கிழங்கு தோண்டும் சமயத்தில் சில வாரம் மூடுகிற வழக்கம் அங்கே சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது.

இனிப் பூண்டுக்கு வருகிறேன். அக்டோபரில் ஒவ்வொரு பல்லாகப் பிரித்து மண்ணில் ஊன்றி, மேலே வைக்கோலைப் பரப்பிவிடுகிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கிடக்கிறது. ஜூனில் நடுவிலிருந்து சுருண்டு வருகிற பூந்தண்டை ஒடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு பெருக்காது. (ஒடித்த தண்டை வீணாக்குவதில்லை, வினிகரில் போட்டு ஊறவைத்த ஜாடிகள் நிலவறையில் வரிசையாக நிற்கின்றன. எனக்கு அது ருசிக்கவில்லை. கொஞ்சம் நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் இருந்திருந்தால் கதை வேறு.) ஜூலை கடைசியில் அடியிலைகள் பழுத்துக் காய, மேலிலைகள் பச்சையாக நிற்கும் அந்தப் பதத்தில் பிடுங்க வேண்டும். காத்திருந்தால் தோல் வெடித்துப் பல் பிரிந்துவிடும்.

முட்கரண்டியைப்போலப் பற்கள் வைத்த கடப்பாரையால் தகப்பனார் மண்ணை நெம்பிக்கொண்டே போக, பிள்ளைகள் பின்னாலேயே உருவி எடுத்தார்கள். கழுவக் கூடாது, தட்டக் கூடாது, கையால் மண்ணை உதிர்த்தால் போதும். பத்துப் பத்தாகக் கட்டிக் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். அப்போதுதான் கணக்குப் பாடம் வந்தது. அடுத்த வருடம் முந்நூறு பூண்டு வேண்டும். ஒரு பூண்டில் ஆறு பல். விதைக்கு எத்தனை ஒதுக்க வேண்டும்? ஐம்பது என்று பையன் சொல்லி முடிப்பதற்குள் மூத்தவள், “அறுபதாக எடுத்து வை. சிலது அழுகிப்போகும், சிலதில் அஞ்சு பல்தான் இருக்கும்” என்றாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தப் பத்தைச் சேர்க்க மாட்டார்கள். விதைக்கு எடுப்பது இருப்பதிலேயே பெரிய பூண்டாக இருக்க வேண்டும். பெரியதைத் தின்னவும் விற்கவும் ஆசை, ஆனால் கூடாது. கடைக்குட்டிக்கு இது அநியாயமாகப் பட்டது. பெரிய பூண்டு ஒன்றைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டாள்.

உருளைக்கிழங்குப் பாத்தி பையனுடைய ராஜ்யம். அங்கே உருளை இலையைத் தின்ன மஞ்சளும் கறுப்புமாக வரிபோட்ட ஒரு வண்டு வருகிறது. இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை இடும். வண்டையும் புழுவையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டால் ஒன்றுக்கு ஒரு சென்ட் கூலி என்று தாயார் பேசியிருந்தார். சில நாள் கழித்துப் பார்த்தால் பையன் இலைகளைத் திருப்பிப் பார்க்கிறான், முட்டைக் கொத்தைக் கண்டால் அப்படியே விட்டுவிடுகிறான். முட்டையை நசுக்கினால் காசில்லை. பொரிய விட்டால் இருபது சென்ட். தாயார் திட்டவில்லை. கூலியை மாற்றினார்: முட்டைக் கொத்து ஒன்றுக்கு ஐந்து சென்ட், புழுவுக்கு ஒன்றுமில்லை. அன்று இரவு அவர் நோட்டில் ‘சமூகவியல்’ என்ற தலைப்பின் கீழே இதை எழுதிவைத்ததைப் பார்த்தேன்.

தோட்டத்தைத் தாண்டினால் காடு. மெய்னில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காடுதான். ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் நெருங்கி நிற்கிற, பகலிலும் மங்கலான காடு. அதன் நடுவில் இடுப்பளவு உயரத்துக்குக் கற்சுவர் ஒன்று நேர்கோட்டில் போகிறது. காட்டுக்குள் யார் சுவர் வைத்தார்கள்? ஒருகாலத்தில் அது காடே இல்லை, ஆட்டு மேய்ச்சல் நிலம். மேற்கே கல்லில்லாத நிலம் திறந்தபோது ஜனங்கள் இந்தக் கல்காட்டை விட்டுப் போனார்கள். மரங்கள் திரும்பி வந்தன. சுவரை ஒட்டி ஒரு கிழட்டு ஆப்பிள் மரம் இன்னும் காய்க்கிறது. பக்கத்தில் எங்கேயோ வீடு இருந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் தேடி, நிலவறைப் பள்ளத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘மெய்ன் மாநிலத்தைப் பற்றிய பாடம்’ அந்தப் பள்ளத்துக்குள் நடக்கிறது.

காட்டிலிருந்து திரும்பினால் உண்ணி சோதனை. இதைப் படங்களில் யாரும் காட்டுவதில்லை. மான் உண்ணியின் குஞ்சு ஒரு கசகசா அளவுதான். கடித்தால் லைம் நோய் வரலாம், மெய்னில் அது மிகவும் அதிகம். அதனால் கோடை வெயிலிலும் கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டுதான் நடை. மாலையில் காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில், அக்குளில், தலைமயிரில் என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். எடுத்த உண்ணியைச் செலோடேப்பில் ஒட்டி, நாட்காட்டியில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே பதித்துவிடுகிறார்கள். பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் தேதி சொல்ல வேண்டுமே. ஜூன் மாதப் பக்கம் முழுக்க உண்ணிகள். அந்தக் குடும்பத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் சாமணத்தை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரியும்.

ஒரு நாள் கடைக்குட்டி வேலியோரத்துச் செடியில் ஒரு புழுவைக் காட்டினாள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று பட்டை பட்டையாக இருந்தது. இலையைக் கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் கொட்டியது. “தொட்டுவிட்டுக் கண்ணைத் தேய்க்காதே” என்று என்னை மிரட்டினாள். அந்தப் பாலை எனக்குத் தெரியும். நம் எருக்கின் வம்சம்தான் அந்தச் செடி. நம் ஊர் எருக்கிலையில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. அதன் பங்காளியான மோனார்க் இங்கே முட்டையிடுகிறது. பாலில் உள்ள நஞ்சை இரண்டும் உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கின்றன. கோடைக் கடைசியில் பிறக்கிற மோனார்க் மெக்சிகோ மலைக்காடு வரை பறந்துபோகிறது. வெந்தய வரியன் எங்கே போகும் என்று கேட்டாள். எங்கேயும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, எங்கள் ஊரில் பனி கிடையாது என்றேன். அது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

இந்தத் தீபகற்பத்துக்குப் பழைய பேர்புகழ் உண்டு. ‘சார்லட்ஸ் வெப்’ என்ற சிறுவர் நாவலை எழுதிய ஈ.பி. வைட் இங்கே புரூக்ளின் கிராமத்தில் பண்ணை வைத்திருந்தவர். ‘ப்ளூபெர்ரீஸ் ஃபார் சால்’ என்ற படப்புத்தகத்தை வரைந்த ராபர்ட் மெக்லாஸ்கி கேப் ரோசியருக்கு எதிரே ஒரு சிறு தீவில் கோடையைக் கழித்தவர். அதே கேப் ரோசியரில்தான் ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங் தம்பதி 1952இல் வந்து குடியேறினார்கள். காய்கறி விளைத்து, ‘நல்வாழ்வு வாழ்தல்’ என்று 1954இல் புத்தகம் போட்டு, பிறகு தங்கள் கையால் கல்வீடு கட்டி, ஒரு தலைமுறை இளைஞர்களை நிலத்துக்குத் திரும்பவைத்தவர்கள். ஹெலன் தியாசபி என்ற பிரம்மஞான இயக்கத்தைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். இளம் வயதில், அடையாற்றில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு நெருங்கிப் பழகியவர். ஸ்காட் நூறு வயது நிறைந்து 1983இல் இறந்தார். தோட்டத்தைச் சுற்றிய கற்சுவரோடு அந்த வீட்டைக் கோடையில் போய்ப் பார்க்கலாம்.

அவர்கள் நாளை மூன்றாகப் பிரித்தவர்கள்: நாலு மணி நேரம் வயிற்றுக்கான உழைப்பு, நாலு மணி நேரம் எழுத்தும் படிப்பும், நாலு மணி நேரம் மனிதர்களோடு. நான் தங்கிய வீட்டு அம்மாளிடம் அந்தப் புத்தகம் இருக்கிறது, அட்டை கிழிந்துபோய். நியரிங் வீட்டில் சிறு பிள்ளைகள் இல்லையே என்று நான் சொன்னபோது, தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, “அதைத்தான் நானும் பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றார்.

பார்க்கிறவர்களுக்கு, காடுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது என்று தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். காடு அது பாட்டுக்கு நிற்கிறது. உண்ணியைப் பார்க்கவும், கூலியை மாற்றவும், “அதில் ஏன் அஞ்சு பல்?” என்று கேட்கிற நேரத்தில் பக்கத்தில் இருக்கவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் தன் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்; ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது, கார் இருபது வருடத்துப் பழசு. சொந்த நிலமில்லாத வீட்டிலோ, இரண்டு பேரும் வேலைக்குப் போயாக வேண்டிய வீட்டிலோ இது நடக்காது. எல்லோரும் இப்படிச் செய்யலாமே என்று எழுதுகிற பத்திரிகைகள் இதைச் சொல்ல மறந்துவிடுகின்றன.

மூத்தவள் வருகிற செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளியில் சேரப்போகிறாள். அவளே கேட்டது. அவளுக்கு வேதியியல் கூடம் வேண்டும், கூடைப்பந்துக் குழு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டுப் போட்ட ஒரு இரும்பு அலமாரி வேண்டும். தாயாருக்கு அதில் முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது. ஆனால் தடுக்கவும் இல்லை. நான் கிளம்பும் முன் ஒரு இரவு, கல்வி அதிகாரிக்குப் போக வேண்டிய கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். இந்த வருடம் இரண்டு பெயர்தான். பையன் தோள் வழியாக எட்டிப் படித்துவிட்டு நேராக அக்காவிடம் போனான்.

“அப்போ உன்னோட பூண்டு வரிசை ரெண்டும் எனக்கா?”

“ஸ்கூல் மூணு மணிக்கே விட்டுடும். அக்டோபர்ல நடறதுக்கு நான் இருப்பேன்.”

“பேஸ்கட்பால் இருந்தா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒரு வரிசை எடுத்துக்கோ. ஆனா விதைப் பூண்டு நீதான் போடணும்.”