பாட்டி போட்ட மடிப்பு

தில்லியின் தென்பகுதியில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் அந்தக் குடும்பம் எட்டு ஆண்டுகளாக வாழ்ந்து வந்தது. தந்தை, தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் அக்கா, ஐந்தாம் வகுப்பில் பயிலும் தம்பி என நால்வர். மார்ச்சுத் திங்களின் நடுவில், தந்தைக்குப் புவனேசுவரத்திற்கு மாறுதல் ஆணை வந்தது. மூன்று வாரங்களில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

பாத்திரங்களைக் கட்டுவது எளிது. புத்தகங்களைக் கட்டுவதும் எளிது. துணிகளே அனைவரையும் மலைக்க வைத்தன. வீட்டில் இரண்டு இரும்புப் பீரோக்களும், சுவரோடு அமைந்த ஓர் அலமாரியும், கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தன. பீரோவின் கதவைத் திறந்தால் மேல்தட்டிலிருந்து ஏதேனும் ஒன்று தலையில் விழும். விழுந்ததை மீண்டும் திணித்துக் கதவைச் சாத்துவதே இத்தனை ஆண்டுகளாக வழக்கமாக இருந்தது.

அலமாரி என்பது இந்திச் சொல் என்றே தம்பி எண்ணியிருந்தான். அது போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கும் இந்திக்கும் வந்த சொல் என்றும், பீரோ என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது என்றும் தந்தை விளக்கினார். “சொற்களும் நம்மைப்போல் ஊர் மாறி வந்தவைதாம்” என்று அவர் சொன்னபோது தம்பி சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிகள் அனைத்தும் கூடத்தில் கொட்டப்பட்டன. அடுக்கி வைத்திருந்தபோது தெரியாத அளவு, கொட்டியபோது தெரிந்தது. தம்பி ஒவ்வொன்றாக எண்ணி ஏட்டில் குறித்தான். நால்வருக்கும் சேர்த்து 212 உடைகள். அவற்றை மூன்று குவியல்களாகப் பிரிக்க அக்கா திட்டமிட்டாள். முதலாவது உடுத்துவன, இரண்டாவது கொடுப்பன, மூன்றாவதற்குத் தந்தை பெயரிட்டார்: ‘ஒருவேளை’.

ஒருவேளை மீண்டும் வடக்கே மாறுதல் வந்தால் இந்தக் கம்பளிக் கோட்டு வேண்டும். ஒருவேளை உடல் இளைத்தால் இந்தக் கால்சட்டை பொருந்தும். ஒருவேளை யாருக்கேனும் திருமணம் என்றால் இந்தப் பட்டுச்சட்டை உதவும். இவ்வாறு 45 உடைகள் மூன்றாம் குவியலில் சேர்ந்தன. உடுத்துவன 96, கொடுப்பன 71. தம்பியும் தன் பங்கிற்கு, முழங்கை வரை மட்டுமே எட்டும் பள்ளிக் கம்பளிச் சட்டையை ‘ஒருவேளை’யில் போட்டான். “நீ மீண்டும் இரண்டாம் வகுப்புக்குப் போகப் போகிறாயா?” என்று அக்கா கேட்டதும், அதை எடுத்து இரண்டாம் குவியலுக்கு மாற்றினான்.

பிறகு அக்கா ஒரே ஒரு வினாவைக் கேட்டாள்: “சென்ற ஓர் ஆண்டில் இதை எப்போது உடுத்தினோம்?” விடை இல்லாத உடைகள் ஒவ்வொன்றாக இரண்டாம் குவியலுக்கு நகர்ந்தன. மாலைக்குள் ‘ஒருவேளை’யில் ஒன்பது மட்டுமே எஞ்சின.

கொடுக்கும் துணிகளுக்கும் தாய் ஒரு முறைமை வைத்திருந்தார். துவைத்து உலர்த்தி, அறுந்த பொத்தான்களைத் தைத்து, மடித்த பின்னரே அவற்றைக் கொடுக்க வேண்டும் என்றார். நல்ல நிலையில் இருந்த கம்பளி உடைகள் அடுத்த குளிர்காலத்தில் தேவைப்படுவோர்க்குச் செல்லும்படி, ‘கூஞ்ச்’ தொண்டு நிறுவனத்திற்கெனத் தனி மூட்டையாகக் கட்டப்பட்டன. 1999-ஆம் ஆண்டு அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய அந்நிறுவனம், நகரத்தில் பயனின்றிக் கிடக்கும் துணிகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. அப்பணிக்காக அவர் 2015-இல் மகசேசே விருது பெற்றார்.

பழந்துணிக்குப் பாத்திரம் தரும் பெண்மணி மறுநாள் வந்தார். தமிழ்நாட்டுத் தெருக்களில் ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று கூவுவோரைப் போன்றவரே அவரும். இத்தகையோர் வீடுவீடாகச் சேர்க்கும் துணிகள் மேற்குத் தில்லியின் ரகுபீர் நகரில் விடியலுக்கு முன் கூடும் சந்தையில் விலைபோகும். உடுத்த இயலாத கம்பளித் துணிகளுக்கும் வாழ்வு உண்டு. அரியானா மாநிலத்துப் பானிப்பட்டு நகரின் ஆலைகள் அத்தகையவற்றைக் கிழித்து, இழையாக்கி, மீண்டும் போர்வையாக நெய்கின்றன. பத்துத் துணிகளுக்கு ஒரு சிறிய எவர்சில்வர் வாளி கிடைத்தது. பேரம் பேசியவன் தம்பி.

எஞ்சியிருந்தது டிரங்குப் பெட்டி.

“அதைத் திறக்க வேண்டாம். அப்படியே லாரியில் ஏற்றிவிடலாம்” என்றார் தாய்.

அதில் இருந்தவை பாட்டியின் ஐந்து சேலைகள். ஆறு ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல் அருகே உள்ள ஊரிலிருந்து செய்தி வந்த அன்று தாய் இரயில் ஏறினார். இரண்டு இரவுகள் கழித்து வீட்டை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம் தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. திரும்பும்போது, பாட்டி கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தி, தம் கையாலேயே மடித்து வைத்திருந்த ஐந்து பருத்திச் சேலைகளை மட்டும் எடுத்து வந்தார். அவற்றைத் துவைக்கவில்லை, பிரிக்கவுமில்லை. பிரித்தால் பாட்டி போட்ட மடிப்புக் கலைந்துவிடும் என்பதே காரணம்.

“ஒரே ஒருமுறை பார்க்கலாம், அம்மா” என்றாள் அக்கா. தாய் மறுமொழி கூறவில்லை; ஆனால் தடுக்கவுமில்லை.

பெட்டியின் மூடி திறந்தது. அடிப்புறம் நுண்ணிய தூள் படிந்திருந்தது. வெள்ளிநிறப் பூச்சி ஒன்று மூலையை நோக்கி ஓடி மறைந்தது. மேலே இருந்தது பாட்டி பெரிதும் விரும்பி உடுத்திய சேலை, சின்னாளப்பட்டிச் சுங்குடி. கருஞ்சிவப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் நிறைந்தது. அக்கா அதை மெல்லப் பிரித்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் சல்லடைபோல் ஓட்டைகள் இருந்தன.

தாய் அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார்.

இராமபாணப் பூச்சி மாவுப்பொருளை விரும்பி உண்ணும். ஆதலால், நெடுநாள் வைக்க வேண்டிய பருத்தித் துணியைக் கஞ்சி நீங்க அலசி, நன்கு உலர்த்தியே வைத்தல் வேண்டும். இதனைப் பாட்டியே தம் மகளுக்குக் கற்பித்திருந்தார். பட்டைப் பருத்தித் துணியில் சுற்றிவைக்க வேண்டும். சில திங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். மாற்றாவிடில் சரிகை மடிப்பிலேயே இற்றுப்போகும். கம்பளியைத் துவைக்காமல் வைத்தால் பூச்சி அரிக்கும். இவை யாவும் தாய் அறிந்தவையே. தம் பட்டுச்சேலைகளை அவர் அவ்வாறே பேணியும் வந்தார். இந்த ஐந்து சேலைகளை மட்டும் பேண மனம் வரவில்லை. பாட்டியின் கை பட்ட மடிப்பைக் காக்க எண்ணிக் கஞ்சியை விட்டுவைத்தார். அந்தக் கஞ்சியே பூச்சிக்கு உணவாயிற்று.

“நானே அழித்துவிட்டேன்” என்றார் அவர், மிகத் தாழ்ந்த குரலில்.

தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தான் பேரம் பேசி வாங்கிய புதிய வாளியை எடுத்துச் சென்று, நீர் நிரப்பிக் கொண்டுவந்து தாயின் அருகில் வைத்தான். அவர் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து, மற்ற நான்கு சேலைகளையும் தாமே பிரித்து நீரில் அமிழ்த்தினார். அவற்றின் ஓரங்களில் மட்டும் சிறு அரிப்பு இருந்தது. ஆறு ஆண்டுக் கஞ்சி கரைந்து நீர் வெளுத்தது.

மாலையில் மொட்டைமாடிக் கொடியில் நான்கு சேலைகளும் தில்லிக் காற்றில் ஆடின. தாய் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்: கிணற்றடியில் துவைத்த கதை, கஞ்சி வடித்த கதை, சேலையின் இருமுனைகளையும் தாயும் மகளுமாகப் பிடித்து உதறி மடித்த கதை. ஆறு ஆண்டுகளாகப் பெட்டிக்குள் இருந்தவை சேலைகள் மட்டுமல்ல என்பதை அக்கா அன்று உணர்ந்தாள். உலர்ந்த சேலையின் ஒரு முனையைத் தாய் அவள் கையில் கொடுத்தார். மறுமுனை தாயின் கையில் இருந்தது. இருவரும் உதறி மடித்தனர்.

அரிபட்ட சுங்குடியில் முந்தானைப் பகுதி மட்டும் நன்றாக இருந்தது. அதை வெட்டி ஓரம் தைத்து, அக்காவுக்குத் துப்பட்டாவாக ஆக்கினார் தாய். நான்கு சேலைகளில் இரண்டைத் தமக்கென வைத்துக்கொண்டார். ஒன்றைத் தம் தங்கைக்கு அனுப்பினார். நான்காவது, பச்சை நிறச் சுங்குடி. அதை மாடிப்படியின் கீழே துணி தேய்க்கும் அம்மையாருக்குக் கொடுத்தார். எட்டு ஆண்டுகளாக அக்குடும்பத்தின் உடைகளை மடித்துத் தந்தவர் அவர். “என் தாயின் சேலை” என்று இந்தியில் சொல்லிக் கொடுத்தபோது, அவர் அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

புறப்படும் நாள் வந்தது. லாரியில் ஒரு பீரோ மட்டுமே ஏறியது, மற்றொன்று விற்கப்பட்டிருந்தது. வாடகைக் கார் தெருமுனையைக் கடந்தபோது தாய் திரும்பிப் பார்த்தார். துணி தேய்க்கும் அம்மையார் பச்சைச் சுங்குடியை உடுத்தி நின்று கையசைத்தார். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தார்.

சொல்லும் பொருளும்
மலைத்தல் – திகைத்தல்
முறைமை – ஒழுங்கு
பேணுதல் – பாதுகாத்தல்
இற்றுப்போதல் – நைந்து அறுதல்
பேறு – வாய்ப்பு

சிந்தித்து எழுதுக
1. ‘ஒருவேளை’ என்னும் குவியல் எவ்வாறு குறைந்தது?
2. தாய் பாட்டியின் சேலைகளைத் துவைக்காமல் வைத்ததற்குக் காரணம் யாது? அதன் விளைவு என்ன?
3. தம்பி வாளியில் நீர் கொண்டுவந்து வைத்ததைப் பற்றி நீவிர் கருதுவது என்ன?
4. உம் வீட்டில் நெடுநாளாகப் பாதுகாக்கப்படும் துணி ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.