யனகாவா: படகும் விலாங்கும்

ஜப்பானின் கியூஷு தீவில், ஃபுகுவோகா மாகாணத்தின் தென்பகுதியில், அரியாகே கடலை ஒட்டி இருக்கிறது யனகாவா. ஊருக்குள்ளும் சுற்றியுள்ள வயல்களிலும் ஓடும் கால்வாய்களின் மொத்த நீளம் 900 கிலோமீட்டரைத் தாண்டும். இவை அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. கடலோரச் சேற்றை நிலமாக்கிக் குடியேறிய ஊர் இது. ஏற்றவற்றம் 6 மீட்டர் வரை போகும் கடல் பக்கத்திலேயே இருக்க, நல்ல தண்ணீருக்கு எப்போதும் திண்டாட்டம். ஆற்றுநீரையும் மழைநீரையும் தேக்கிவைக்க, வெள்ளம் வந்தால் வடியவிட, வாய்க்கால்களைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1600-ஆம் ஆண்டு செகிகஹாரா போருக்குப் பின் இங்கே ஆட்சிக்கு வந்த தனாகா யோஷிமசா கோட்டையையும் அகழிகளையும் விரிவாக்கினார். பிறகு தச்சிபானா குடும்பம் ஆண்டது. கோட்டை 1872-இல் எரிந்துபோனது. அகழித் தண்ணீரில்தான் இன்று பயணிகள் படகேறுகிறார்கள்.

தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு; எஞ்சின் கிடையாது. படகோட்டி பின்னால் நின்றபடி நீண்ட மூங்கில் கோலை ஊன்றித் தள்ளுவார். ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்து ஒகினோஹதா பகுதி வரை சுமார் ஒரு மணி நேரம். சில பாலங்கள் அவ்வளவு தாழ்வு. படகோட்டி உட்கார்ந்துவிடுவார், பயணிகள் தலையை முழங்காலில் புதைத்துக்கொள்ள வேண்டும். வளைந்து தொங்கும் வில்லோ மரங்களைவிட வீடுகளின் கொல்லைப்புறம்தான் பார்க்கத் தக்கது. தண்ணீர் மொள்ள இறங்கிய கற்படிகள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. குளிர்காலத்தில் படகுக்குள்ளேயே கணப்பு மேசை போட்டு, அதன்மேல் மெத்தைப் போர்வை விரித்துவிடுகிறார்கள்.

ஒகினோஹதாவில் இறங்கியதும் மூக்கைத் துளைப்பது விலாங்கு சுடும் வாசனை. ஜப்பானின் பெரும்பாலான ஊர்களில் சுட்ட விலாங்கைச் சோற்றின்மேல் வைத்தால் சாப்பாடு தயார். யனகாவாவில் அதோடு விடுவதில்லை. இனிப்பும் உப்பும் கலந்த சாற்றில் பிசைந்த சோற்றை மரப்பெட்டியில் பரப்பி, மேலே சுட்ட விலாங்கையும் நூலாக நறுக்கிய முட்டை அடையையும் அடுக்கி, பெட்டியோடு ஆவியில் வேகவைக்கிறார்கள். பெயர் செய்ரோமுஷி. சாறு அடிச்சோறு வரை இறங்கியிருக்கும். கடைசி வாய் வரை சூடு ஆறாது. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் சுட்டு அப்படியே பரிமாறுவதைவிட இதுவே ஒரு படி மேல்.

அதே ஒகினோஹதாவில் கவிஞர் கிதஹாரா ஹகுஷு (1885–1942) வளர்ந்த, சாக்கே என்ற அரிசி மது தயாரித்த குடும்பத்தின் வீடு நினைவில்லமாக இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் அவர் நினைவாக இரவில் படகுகள் ஊர்வலம் போகின்றன.

இத்தனையும் இல்லாமல் போயிருக்கும். குழாய்நீர் வந்த பிறகு கால்வாய்கள் குப்பைமேடாகி நாறின, கொசு பெருகியது. 1970-களில் பலவற்றை மூடிவிட நகராட்சி திட்டம் போட்டது. அதைத் தடுத்தவர் அதே நகராட்சியில் வேலைபார்த்த ஹிரோமத்சு த்சுதாயே. கால்வாயை மூடினால் வெள்ளம் வடிய இடமிருக்காது, நிலமும் தாழும் என்று வாதாடி, ஊராரைச் சேற்றில் இறக்கித் தூர் வாரவைத்தார். இந்தக் கதையை இயக்குநர் இசாவோ தகஹதா 1987-இல் ஆவணப்படமாக எடுத்தார். தயாரித்தவர் ஹயாவோ மியசாகி.

ஆண்டுதோறும் பிப்ரவரியின் பின்பாதியில் மதகை அடைத்து, அகழியை வற்றவிட்டுச் சுத்தம் செய்கிறார்கள். அந்த நாட்களில் வழக்கமான தடம் முழுவதும் படகு ஓடாது. படகுக்காகவே போகிறவர்கள் வேறு மாதம் பார்த்துக்கொள்வது நல்லது.