கூடாரக் கொட்டகை

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'மகாராஜா' என்னும் தமிழ்ப் படம் சீன தேசத்துக் கொட்டகைகளில் திரையிடப்பெற்றது. அதற்கு ஏழாண்டு முன்னர், 2017-இல், 'தங்கல்' என்னும் இந்திப் படம் தன் தாய்நாட்டில் ஈட்டியதைக் காட்டிலும் மிகுந்த பொருளை அங்கே ஈட்டியது. பழைய மாணவர் கூட்டத்திற்கு வந்திருந்தபோது, விடுதி நண்பர் சிலர் இச்செய்திகளை எடுத்துக் கூறி, "சீனர் சினிமாத் தொழிலில் இத்துணை விருத்தி அடைந்தது எங்ஙனம், ஐயா?" என்று என்னை வினவினர். 2020-ஆம் ஆண்டின் முடிவில் அந்நாட்டில் 75,000-க்கு மேற்பட்ட திரைகள் இருந்தன; நம் தேசம் முழுவதிலும் 10,000 திரைகளும் இல்லை. அவ்வாண்டிலேயே டிக்கெட் வசூலில் சீனம் அமெரிக்காவை முந்தி முதலிடம் பெற்றது. கொள்ளை நோயினால் அமெரிக்கக் கொட்டகைகள் மூடிக் கிடந்தமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது.

இவ்வெண்களைக் கூறி நண்பர்களை அனுப்பிவிட்டேன். ஆயினும் என் மனம் அவ்வினாவை விடவில்லை. சந்தை என்பது யாது? காசைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு டிக்கெட்டுக்காக வரிசையில் நிற்கும் மனிதன்தானே! அம்மனிதன் எவ்வாறு உண்டானான் என்பதை அறியச் சாங்காய் நகரம் வரை செல்ல வேண்டுவதில்லை. காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே, பாலாற்றின் பக்கத்தில், ஒரு காலத்தில் கும்பினிப் பட்டாளம் தங்கியிருந்ததும் பின்னர் தறியோசையே பெரிதாகக் கேட்டதுமாகிய எங்கள் வாலாஜாபாத்தில் இருந்தே அதனை ஒருவாறு அறியலாம்.

சீனரின் முதற்படம் 1905-இல் பெக்கிங் நகரத்துப் புகைப்பட நிலையம் ஒன்றனால் எடுக்கப்பட்டது. அவர்தம் மேடை நாடகக் காட்சிகள் சிலவே அதில் அடங்கியிருந்தன. அதே 1905-இல், திருச்சிராப்பள்ளியில் ரெயில்வேயில் வரைபடம் எழுதும் உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், டுபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அங்கே படம் எடுத்தார்கள். இங்கே படம் காட்டத் தொடங்கினார்கள். இவ்வேறுபாட்டை நான் சிறிதாக எண்ணவில்லை. வின்சென்ட் வாங்கிய சுருள்களுள் இயேசுநாதர் சரித்திரமும் ஒன்று. மிஷன் ஊழியர் மாய விளக்கைக் கொண்டு கண்ணாடிப் படங்களை வெள்ளைத் துணியில் காட்டிப் பிரசங்கம் செய்யும் வழக்கம் அதற்கு முன்னரே நம் நாட்டில் இருந்தமையால், ஒளி விழும் துணியைக் கண்டு ஜனங்கள் முற்றிலும் வெருண்டிரார் என்றே ஊகிக்கிறேன். வின்சென்ட் கூடாரத்தைச் சுமந்து ஊர் ஊராகச் சென்றார்; பின்னர்க் கோயமுத்தூரில் 1914-இல் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார்.

படம் எடுத்தோர் கதை பலரும் அறிந்தது. நடராஜ முதலியார் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'கீசக வதம்' என்னும் மௌனப் படம் எடுத்ததும், 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலித்ததும், அப்படம் பம்பாயில் எடுக்கப்பட்டதும், 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீநிவாஸா சினிடோன் என்னும் ஒலிப்பட நிலையத்தை நிறுவியதும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் பிறகு சென்னையில் ஜெமினி, ஏ.வி.எம். முதலிய நிலையங்களும் ஓங்கியதும் புத்தகங்களில் உள்ளன. யுத்த காலத்தில் பிலிம் அரிதாகவே, படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசாங்கத்தார் விதித்தனர். பாட்டுக்கள் குறைந்து கதை நடை விரைந்ததற்கு அவ்விதியும் ஓரளவு துணை செய்திருக்கக் கூடும். 1948-இல் எஸ். எஸ். வாஸன் 'சந்திரலேகா'வைத் தமிழோடு இந்தியிலும் வெளியிட்டு வடநாட்டுச் சந்தையைத் திறந்தார்.

நிற்க. 1927-இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியாரைத் தலைவராகக் கொண்டு அமைந்த சினிமா விசாரணைக் கமிட்டி, மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், இத்தேசத்து மக்கள் தொகைக்குக் கொட்டகைகள் மிகக் குறைவு என்பதைக் கண்டது. ஸ்டுடியோக்கள் பெருகினும் படத்தைக் காண இடம் வேண்டுமே! கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கொட்டகை கட்டும் செல்வர் பெருநகரங்களையே நாடினர். எங்கள் ஊர் போன்ற நூற்றுக்கணக்கான ஊர்களில் அக்குறையைத் தீர்த்தது கூடாரக் கொட்டகை. டூரிங் டாக்கீஸ் என்று நோட்டீசில் அச்சிடுவர். நாங்கள் சொல்லுவது கொட்டாய்.

சவுக்குக் கம்பங்கள் நட்டு, மேலே கூடாரத் துணியோ தென்னங்கீற்றோ வேய்ந்து, பக்கங்களைத் திறந்தே விட்டிருப்பர். ஆதலின் இருட்டிய பின்னரே ஆட்டம். தரையில் பாலாற்று மணல். அம்மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வதும், பின்னால் இருப்பவன் அதனைக் காலால் தள்ளிக் கலைப்பதும், அதன் பொருட்டு எழும் சண்டை முதற்பாட்டு வந்ததும் ஓய்வதும் நாள்தோறும் நிகழ்வன. மணலுக்குப் பின் பெஞ்சு, பெஞ்சுக்குப் பின் சில நாற்காலி. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். கருவி ஒன்றே ஆதலால் சுருள் மாற்றுந்தோறும் விளக்கு எரியும். முறுக்குக்காரனும் சோடாக்காரனும் அதற்கெனவே காத்திருப்பர். மின்சாரம் வராத ஊர்களில் எண்ணெய் எஞ்சின் இரைச்சலே பின்னணி வாத்தியம். பட்டணத்தில் ஓடி, ஜில்லாத் தலைநகரில் ஓடி, கீறல் விழுந்து தேய்ந்த பிரதியே எங்களை வந்தடையும். வெயிற்காலக் காட்சியிலும் திரையில் மழை பெய்துகொண்டிருக்கும். 1944-இல் வெளியாகிச் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' எங்கள் ஊருக்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்தே வந்ததாம். அதனால் யாரும் குறைப்பட்டதாகக் கேள்வியில்லை.

சினிமா வியாபாரத்தார் வகுத்த பூகோளம் ஒன்று உண்டு. அதனை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்பிப்பதில்லை. அவர்கள் தமிழ்நாட்டை விநியோகப் பகுதிகளாகப் பிரித்துள்ளனர். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மூன்று ஜில்லாக்களின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'என்.எஸ்.சி.' என்பர். வாலாஜாபாத் அதனைச் சேர்ந்தது. வட ஆர்க்காடு 1989-இலும், தென் ஆர்க்காடு 1993-இலும், செங்கற்பட்டு 1997-இலும் பிரிவுற்றன. 2019-இல் எங்கள் காஞ்சிபுர மாவட்டத்தில் இருந்தே செங்கற்பட்டு மீண்டும் தனியாயிற்று. படப்பெட்டிக்காரர் இவற்றுள் எதனையும் பொருட்படுத்தவில்லை. அரசாங்கம் கைவிட்ட ஜில்லாக்கள் வசூற் கணக்கில் இன்றும் உயிரோடிருக்கின்றன. அக்கணக்கிலே பெருநகரம் 'ஏ', நடுத்தர ஊர் 'பி', எங்கள் போன்றது 'சி'. கூடாரக்காரர் கொடுத்த வாடகை ஒவ்வொன்றும் சிறியதே. ஆயினும் பட்டணத்தில் வசூல் ஓய்ந்த பின்னரும் ஒரு பிரதி பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், ஊர் ஊராகச் சுற்றிச் சில்லறை சேர்த்துக்கொண்டே வந்தது. அச்சில்லறையை நம்பியே விநியோகஸ்தர் முன்பணம் கொடுத்தார். அம்முன்பணத்தை நம்பியே அடுத்த படத்துக்குப் பூஜை போட்டார்கள்.

சீனத்திலும் இதனை ஒத்த காலம் ஒன்று இருந்தது. 1949-க்குப் பின்னர் அந்நாட்டு அரசாங்கத்தார் படங்காட்டும் குழுவினரைப் பயிற்றுவித்து, சிறு அளவுக் கருவிகளைச் சுமக்கச் செய்து, கிராமந்தோறும் அனுப்பினர். அங்கே அஃது அரசாங்கத்தின் காரியம். இங்கேயோ, மனைவியின் நகையை அடகு வைத்துக் கருவி வாங்கிய ஒரு மனிதனின் துணிவு. 1955-ஆம் ஆண்டுச் சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம் அவனுக்கு நிலையான கொட்டகைக்காரனின் தகுதியை அளிக்கவில்லை. குறித்த காலத்துக்கே உரிமம். எங்கள் ஊரில் அக்காலம் முடிந்ததும் கீற்றைப் பிரித்து, சில வாரம் வெறுந்தரையாய் விட்டு, மறுபடியும் அதே குழிகளில் அதே கம்பங்களை நடுவர்.

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஏறுவதில்லை. சேலை அறுத்துக் கூலி வாங்கிய கைகளும், மறுகரைக்கு நாடா தள்ளும் சிறுவரின் கைகளும் அன்று ஓய்ந்திருக்கும். வானமும் இருண்டிருக்குமாதலால் திறந்த கொட்டகையில் திரை தெளிவாய்த் தெரியும். கொட்டகை முதலாளி பஞ்சாங்கம் பார்த்தே நல்ல படத்துக்கு நாள் குறிப்பார் என்பது ஊரில் பிரசித்தம்.

அவ்வாறான ஓர் அமாவாசை இரவில் நிகழ்ந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பத்து வயதுச் சிறுவன். தந்தையாரோடு நாலணாத் தரை டிக்கெட்டில் மணலில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும் அருகே இருந்தார். அப்பொழுது ரெயில் பாதையில் வேலை செய்யும் ஒருவர், ஊருக்குப் புறம்பே வைக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்தவர், வெள்ளை வேட்டியுடன் வந்து எங்களுக்குப் பின்னே பெஞ்சில் அமர்ந்தார். பகலில் எங்கள் தெருவின் வழியே அவர் நடப்பதை நான் கண்டதில்லை. சுற்றி வயலோரமாகவே செல்வார். பெரியவர் எழுந்து முதலாளியிடம் சென்று, "அவனை எழுப்பு" என்றார். முதலாளி டிக்கெட் கட்டை விரலால் புரட்டிக் காட்டி, "இதிலே தெருப் பேர் அச்சடிக்கலீங்களே, முதலியாரே. எட்டணான்னுதான் போட்டிருக்கு" என்றார். பெரியவர் திரும்பி வந்து மணலில் அமர்ந்தார். படம் முடியும்வரை அவர் பின்னே திரும்பவில்லை. அடுத்த அமாவாசைக்கு நாற்காலி டிக்கெட் வாங்கினார், முதலாளிக்கு லாபம்.

ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் எழுதிய நூலொன்றில், தமிழர் யாவரும் ஒரு கூரையின் கீழ் அமர்ந்து கண்ட முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கை வரிசை பிறப்பைப் பொறாது வாங்கும் சக்தியைப் பொறுத்தது என்றும் விளக்கியிருக்கிறார். அதனைக் கல்லூரி நூலகத்தில் படித்தபோது எனக்கு அந்த டிக்கெட் கட்டுத்தான் கண்முன் நின்றது. விலையும் ஒரு வேலிதான். ஆயினும் அவ்வேலியைத் தாண்ட எட்டணா போதும். மற்ற வேலிகளுக்கு எவ்விலையும் குறிக்கப்படவில்லை.

பெண்டிர்க்கு அக்கொட்டகை எத்தன்மையது என்பதை என் அத்தையாரிடம் கேட்டறிந்தேன். பகலெல்லாம் திண்ணையில் பட்டு நூலைத் தார் சுற்றுவார். கோயிலும் உறவினர் கலியாணமும் நீங்கலாக, இரவில் வெளியே சென்று மூன்று மணி நேரம் உட்கார அவருக்குக் கிடைத்த இடம் அஃது ஒன்றே. படத்தைவிட இடைவேளையே தமக்கு விருப்பம் என்கிறார். சுவருக்கு இப்புறம் எல்லாத் தெருப் பெண்களும் இருந்தார்களாம். யார் வீட்டில் எவ்வளவு கூலி தருகிறார்கள் என்பதை அங்கேதான் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். அவ்வாறு ஒப்பிட்டதன் பயனாக ஒரு தீபாவளிக்கு முன் தார்க்கூலி காலணா உயர்ந்தது என்றும் சொல்கிறார்.

கொட்டகையைப் புகழ்ந்து கொண்டே போவதற்கில்லை. கீற்றும் பிலிமும் நெருப்பும் ஓரிடத்தில் கூடியிருந்தன. 1979-இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை தீப்பற்றிப் பலர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அதில் அகப்பட்டனர். அதன் பின் என் தாயார் எங்களை அங்கே அனுப்ப அஞ்சினார். 1975 ஆகஸ்டு 15-இல் சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சி, சில ஆண்டுகளில் எங்கள் பக்கத்துக்கும் எட்டியது, வீடியோவும் வந்தது. கம்பங்களைப் பிடுங்கிய ஆண்டு எது என்று ஊரில் இருவர் ஒன்றுபோலச் சொல்வதில்லை.

இன்று தமிழ்ப் படம் சீனத்தில் ஓடுகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 2017-இல் நம் அரசாங்கத்தார் பல்திரை அரங்குகளுக்கு வகுத்த உச்ச விலை, வரி நீங்கலாக, 150 ரூபாய். ஐவர் உள்ள நெசவாளர் குடும்பம் பஸ் ஏறிச் சென்று ஒரு படம் பார்த்து வர ஆகும் தொகையை நான் கூட்டிப் பார்த்தேன். வாசகரும் கூட்டிப் பார்க்கலாம். எங்கள் தெருவில் தறி ஓட்டும் இளைஞர் கைப்பேசியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் படம் பார்க்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு படம். யாரும் யாருக்கும் முன்னுமில்லை, பின்னுமில்லை, அருகிலுமில்லை.

'கீசக வதம்' இன்று இல்லை. 'காளிதாஸ்' படமும் இல்லை. பல பழம் படங்களுக்குச் சான்றாக எஞ்சியவை கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களே. அத்தையாரின் தகரப் பெட்டியில் அத்தகையவை முப்பத்தொன்று உள்ளன. அவற்றை நம் கல்லூரி நூலகத்துக்கு அளிக்குமாறு வேண்டினேன். முப்பதைத் தர இசைந்தார். 'ஹரிதாஸ்' புத்தகத்தை மாத்திரம் தர மறுத்துவிட்டார். அதன் பின்னட்டையில் பென்சிலால் தார்க்கூலிக் கணக்கு எழுதியிருக்கிறது. அதில் இரண்டு ரூபாய் இன்னும் வர வேண்டியிருக்கிறதாம்.