பட்டா யார் கையில்?

பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் அந்த அம்மா வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்தார். வயது எழுபதுக்கு மேல். ஒன்றே கால் ஏக்கர் நஞ்சை. கணவர் இறந்த பிறகும் நாற்று விட்டு, நடவு போட்டு, தானே வெள்ளாமை பார்த்தவர். கணினியில் பார்த்தால், பட்டா மகன் பெயருக்கு மாறியிருந்தது.

"நிலம் என் பேர்ல இருந்தாத்தான் கடன் குடுப்பாங்கன்னு சொன்னான். ரேகை வெச்சேன்" என்றார். அவர் ரேகை வைத்தது தான செட்டில்மெண்ட் பத்திரத்தில். பதிவு முடிந்த ஆறாம் மாதம் அவர் கட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. சர்க்கரை மாத்திரைக்கும் மகனிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று.

"கோட்டாட்சியர்கிட்ட மனு குடுங்க பெரியம்மா" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். "பெத்த புள்ள மேலயா?" என்று மூன்று மாதம் தயங்கினார். கொட்டகை ஒழுகிய ஒரு மழை இரவுக்குப் பிறகுதான் மனம் துணிந்தார்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. 60 வயதானவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கிடைக்க வழி உண்டு. எழுதிக் கொடுத்த சொத்தையும் 23-ம் பிரிவின்படி ரத்து செய்யலாம். ஆனால், 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் பத்திரத்தில் எழுத்தர் அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அந்த வரிதான் நிலத்தை மீட்டுத் தந்தது.

பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் உயில் எழுதலாம். உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றிக்கொள்ளலாம். செட்டில்மெண்ட்தான் என்றால், பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ரேகை வைக்கும் முன், வீட்டாரல்லாத ஒருவரைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் உங்களிடமே இருக்கட்டும். அவசரத்துக்கு முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

இப்போதும் அந்த வயலை உழுவது மகன்தான். அறுப்பு முடிந்ததும் அம்மாவின் பங்கு நெல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கட்டிலும் வீட்டுக்குள் வந்துவிட்டது. பட்டா தகரப்பெட்டியில் இருக்கிறது. சாவி அந்த அம்மாவின் இடுப்பில்.