ஆடைக் கஞ்சத்தனம்

நம் வீடுகளில் பாலாடைக்கு நெடுங்காலமாக ஒரே ஒரு தலையெழுத்துதான்: நெய்யாவது. காய்ச்சி ஆறிய பாலின் மேலிருந்து அதை வழித்து டப்பாவில் போட்டு, டப்பா நிறைந்ததும் கடைந்து, வெண்ணெய் திரட்டி, முருங்கை இலை போட்டு உருக்கிப் பாட்டிலில் வடிகட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது. நடுவில் யாராவது அந்த டப்பாவில் ஸ்பூனை விட்டால் திட்டு விழும். ஆடையை ஆடையாகவே தின்பது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது மாதிரி.

ஃப்ரிட்ஜில் இன்றைக்கும் அப்படி ஒரு டப்பா இருக்கும் வீடுகளுக்குத் தெரியும்: நாலைந்து நாள் போனால் அதிலிருந்து ஒரு கசப்பு வாடை கிளம்பும். குளிரிலும் வளரக்கூடிய சில நுண்ணுயிரிகள் கொழுப்பைச் சிதைக்கும் வேலை அது. டப்பாவின் அடியில் முதல் நாளே ஒரு ஸ்பூன் தயிரைத் தடவி வைத்தால் வாடை வராது. தயிரின் புளிப்பு மற்றவற்றைத் தலையெடுக்க விடாது. அடுத்தடுத்த நாள் ஆடையைப் போட்டு ஒரு கலக்கு கலக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். வாரக் கடைசியில் திறந்தால் கெட்டியாக, லேசான புளிப்போடு, வெண்ணெய்க்கும் தயிருக்கும் நடுவில் ஒன்று இருக்கும். வெளிநாட்டில் சவர் க்ரீம் என்று விற்கிறார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை. சப்பாத்தி மாவில் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால் மறுநாள் மதியம் டிபன் பாக்ஸிலும் சப்பாத்தி வறளாது. குருமாவை இறக்கும்போது ஒரு ஸ்பூன் போட்டால் முந்திரி அரைக்கிற வேலை பாதி மிச்சம்.

கடையில் விற்கும் க்ரீமும் வீட்டு ஆடையும் ஒன்றல்ல. பச்சைப் பாலில் கொழுப்பு லேசானது என்பதால் தானாக மேலே வந்து மிதக்கும். அதை எடுத்தால் க்ரீம். இரவெல்லாம் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்த நிலையை மாற்றியவர் சுவீடனின் குஸ்தாஃப் தெ லாவால். 1878இல் அவர் செய்த சுழலும் இயந்திரம் பாலைச் சுழற்றியே க்ரீமைத் தனியே பிரித்தது. ஆடை வேறு வழியில் உண்டாகிறது. பால் சூடாகும்போது அதிலுள்ள புரதம் குணம் மாறி, மேற்பரப்பில் நீர் ஆவியாக ஆவியாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அந்தப் பின்னலில் கொழுப்பு சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் ஆடையை மெல்ல முடிகிறது, க்ரீம் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் வாங்கினால் 6 சதவீதக் கொழுப்பு, நீலம் வாங்கினால் 3. நீலத்தில் காப்பி போடலாம். ஆடைக்கு ஆசைப்படக் கூடாது. பாத்திரத்தோடு வந்து ஊற்றிவிட்டுப் போகும் எருமைப்பால்காரர் இன்னும் உங்கள் தெருவில் இருந்தால் அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆடையை நெய்யாக்காமல் அப்படியே கொண்டாடுவது என்றால் பாசந்திதான். வாய் அகன்ற உருளி வேண்டும், நேரம் வேண்டும், கை சும்மா இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். ஒரு லிட்டர் கெட்டிப் பாலைப் பொங்கவிட்டு அடுப்பை இறக்கினால், சில நிமிஷங்களில் மேலே மெல்லிய சுருக்கம் ஓடும். ஓரத்தில் முதலில் தோன்றி நடுவை நோக்கி வரும். நடுவில் சின்னக் குமிழ்கள் அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். கிழியாத அளவு தடித்ததும் தோசைத் திருப்பியால் மெல்லத் தள்ளி உருளியின் சுவரில் ஒட்டிவிட வேண்டும். மறுபடி காத்திருந்து மறுபடி தள்ள வேண்டும். பால் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்போது சுவரெல்லாம் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். கீழே நிற்கும் பால் லேசாகப் பழுப்பேறி, இனிப்பு போடாமலே இனிக்கும். அப்போதுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் நீர்த்துக்கொண்டு ஆடை படியத் தாமதமாகும். கடைசியில் சுவரில் ஒட்டியதைச் சுரண்டிப் பாலில் விட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஆறவிட்டுக் குளிரவைக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் துண்டு துண்டாக ஆடை வர வேண்டும். வராவிட்டால் அது சுண்டக் காய்ச்சிய பால், பாசந்தி இல்லை.

இதே பாலை விடாமல் கிளறியிருந்தால் ஆடை கட்ட வழியே இல்லாமல் திரண்டு பால்கோவாவாகியிருக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லை. பாசந்திக்கும் அதே இரண்டுதான் ஆதாரம். கை அசைகிறதா, ஓய்கிறதா என்பதில் இரண்டு பலகாரம் பிரிகிறது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தவர்கள் அந்தக் கிளாஸில் எதைத் தேடித் தேடிச் சாப்பிட்டார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும். பாதாம் பிசின் குளிர்ச்சி, நன்னாரி வாசம், எல்லாம் சரி. நாக்கு துழாவியது பாலாடையைத்தான்.

இவ்வளவு சிக்கனமாக ஆடையைப் புழங்கிய ஊரில், இப்போது அட்டைப் பெட்டி க்ரீமைச் சாம்பாருக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி சாய்க்கிறார்கள். பனீர் பட்டர் மசாலாவும் பட்டர் சிக்கனும் கொண்டுவந்த பழக்கம். பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்று டெல்லியில் இரண்டு குடும்பத்தார் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், 2024இல் செய்தியானது. யார் செய்திருந்தாலும் அந்தக் குழம்பில் க்ரீமுக்கு ஒரு வேலை இருந்தது. தந்தூரில் சுட்ட கோழியின் கரிவாசத்துக்கும் தக்காளியின் புளிப்புக்கும் நடுவில் சமாதானம் செய்வது அது. நம் ஊர் ஹோட்டல்களில் தக்காளி புளிக்காவிட்டாலும் க்ரீம், மசாலா வதங்காவிட்டாலும் க்ரீம், உப்பு கூடினாலும் க்ரீம். மிளகாயின் உறைப்பு கொழுப்பில் கரையும் என்பதால் காரம் அடங்கிவிடுகிறது; சீரகமும் தனியாவும் நாக்கை எட்டுமுன் ஒரு கொழுப்புப் படலம் குறுக்கே விழுகிறது. மெனு கார்டில் எட்டுப் பெயர், மேசைக்கு வருவது ஒரே ஆரஞ்சுக் குழம்பு. கோலம் போட்டாற்போல மேலே வெள்ளைச் சுழி வேறு.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம். தக்காளிக் குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து பூப்பூவாகும். கொழுப்பு குறைந்தால் புரதத்தின் பங்கு கூடும், புளிப்பும் சூடும் சேர்ந்தால் திரிவது புரதம்தான். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு, நாலு பேர் சாப்பிடும் குழம்புக்கு இரண்டு மேசைக்கரண்டி விட்டால் தாராளம். இதே க்ரீமை நுரைக்க அடித்துப் பார்த்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். நுரை நிற்க 30 சதவீதமாவது கொழுப்பு வேண்டும், நல்ல குளிர்ச்சியும் வேண்டும். பிறந்தநாள் கேக்கின் மேல் மே மாத வெயிலிலும் அசையாமல் நிற்கிறதே, அது பல பேக்கரிகளில் பாலின் பக்கமே போகாத தாவரக் கொழுப்பு.

க்ரீமைக் கையாளும் பக்குவம் நமக்குத் தெரியாததில்லை. தேங்காய்ப் பாலில் எப்போதோ கற்றுக்கொண்டதுதான். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பார்கள். மூன்றாம் பாலில் காய் வேகும். பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து கொதிக்கும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது இறங்கும். முதல் பால் கடைசியில்தான். எங்கள் ஆச்சி அந்த நேரத்தில் அடுப்பைப் பார்க்கிறவளைத் தவிர வேறு யாரையும் அடுப்படியில் நிற்கவிட மாட்டாள். "ஏட்டி, மொதப்பால ஊத்தியாச்சு, கொதிக்க விட்ராத, நொர கட்டுனதும் எறக்கிரு" என்பாள். எலுமிச்சம்பழத்தைச் சூடு தணிந்த பிறகு அவள் கையாலேயேதான் பிழிவாள். கொழுப்பு மிகுந்ததைக் கடைசியில் சேர், கொதிக்க விடாதே, புளிப்பை ஆறின பிறகு காட்டு. டெல்லிக் குழம்புக்கும் வேறு சட்டம் கிடையாது. இளநீர்ப் பாயசத்தில் தேங்காயின் முதல் பாலை அடுப்பிலேயே ஏற்றாமல் குளிரக் குளிரச் சேர்ப்பதும் இதன் நீட்சிதான். என்னைக் கேட்டால் விருந்து இனிப்புகளில் க்ரீம் கேக்கை விடவும் ஐஸ்க்ரீமை விடவும் அதற்குத்தான் முதல் இடம்.

பிரித்த க்ரீம் பெட்டியில் இரண்டு கரண்டி போக மீதி ஃப்ரிட்ஜ் கதவில் நின்றுகொண்டிருக்கும். மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். அதை மறுபடி ஒரு மசாலாவில் ஊற்றாமல் பகாளாபாத் செய்யலாம். பச்சரிசியைக் குழைய வடித்து, ஆவி பறக்கும்போதே மசித்து, பாலும் க்ரீமும் விட்டுப் பிசைந்து மூடிவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு ஸ்பூன் தயிர், உப்பு. தாளிக்கக் கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய். காலையில் கட்டினால் ராத்திரி ரயில் வரை புளிக்காது, இறுகாது. மாதுளை முத்து போடுகிறவர்கள் போடட்டும். எனக்கு மாவடு போதும்.