மணி இடப்பக்கம் சுற்றினான்

பழவேற்காட்டில் படகேறி ஏரியைக் கடந்தால் வருவது எங்கள் பசியாவரம். பெயரிலேயே பசி இருக்கிறதே என்று கேலி செய்யாத நண்பர் இக்கல்லூரியில் இல்லை. இறால் நன்றாகப் பட்ட நாளில் அந்தப் பெயர் எங்களுக்கே மறந்துபோகும்.

என் தாத்தா ஒரு நாட்டு நாய் வளர்த்தார். மணி என்று பெயர். ஒன்பது வயது அவனுக்கு. படகின் அணியத்தில் காதுகளை நிமிர்த்தி உட்கார்ந்து வருவான். 2021 டிசம்பரில் ஓர் இரவு அவனுக்கு வலிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று முறை. அதன்பின் படகைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்கினான், எப்போதும் இடப்பக்கமாகவே. தட்டில் இடப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு வலப்பாதியைத் தொடாமல் விட்டான்.

"மாமா, இது வெறிதான். புள்ளைங்க நடமாடுற எடம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாலைக்குள் நாலைந்து பேர் துடுப்புக் கட்டைகளோடு வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெறிநோய் அறிகுறி மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்ததே இந்த நோய்க்கு அஞ்சித்தானே! தாத்தா கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரு நாள் குடுங்கப்பா" என்றார். அவர் யாரையும் கும்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் விடியுமுன் மணியைப் படகில் கட்டி அக்கரை சேர்த்து, மீன் ஏற்றும் வேனில் சென்னைக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில், கையுறை அணிந்த ஒரு மருத்துவர் அம்மா எங்களைப் பார்த்தார். முதலில் தடுப்பூசிச் சீட்டைக் கேட்டார். தாத்தா அதைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பிறகு, முதல் வலிப்பு என்றைக்கு வந்தது என்று கேட்டார்.

"ரெண்டு மாசம் ஆச்சு தாயி."

"அப்போ வெறிநோயா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு ஐயா. அந்த அறிகுறி வந்த நாய் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டாது."

அதன்பின் அவர் செய்த சோதனை இன்றும் என் கண்முன் நிற்கிறது. மணியின் இடக்கண் முன்னே கையைச் சட்டென்று நீட்டினார், இமைத்தான். வலக்கண் முன்னே நீட்டினார், இமைக்கவில்லை. டார்ச் ஒளியில் இரு பாவைகளும் சுருங்கின. ஆகவே கண்ணில் குறையில்லை; பார்த்ததை உணரும் இடத்தில்தான் குறை. முன்னங்காலின் பாதத்தை மடக்கி வைத்தார். இடக்காலை உடனே திருப்பிக்கொண்டான். வலக்காலோ மடங்கியபடியே கிடந்தது. உடலின் வலப்புறத்தை ஆள்வது மூளையின் இடப்பாதி. கோளாறு இடப்புற முன்மூளையில் என்றால், நாய் அதே இடப்பக்கமாகத்தான் சுற்றும்.

இரத்தத்தில் சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம் யாவும் சரியாக இருந்தன. டிஸ்டெம்பர் நோய்க்குரிய தசைத்துடிப்பு இல்லை. இரத்தக் குழாய் அடைப்பென்றால் திடீரென்று வரும்; இதுவோ நாளுக்கு நாள் கூடியது. ஐந்தாறு வயதுக்குப் பின் முதன்முதலாக வலிப்பு வந்து, இப்படி ஒரு பக்கமும் பழுதானால், மூளைக்கட்டியைத்தான் முதலில் நினைக்க வேண்டுமாம். மூக்கு நீண்ட முதிய நாய்களுக்கு மூளையுறையில் எழும் மெனிஞ்சியோமா மிகுதி. பாக்ஸர் போன்ற குட்டை மூக்கு நாய்களுக்குக் கிளையோமா.

"மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தா கட்டி தெரியும். என்ன கட்டின்னு அடிச்சுச் சொல்லணும்னா சதை எடுத்துப் பார்க்கணும்."

"படம் எடுத்தா கட்டி கரைஞ்சிடுமா தாயி?"

"இல்லைங்க ஐயா."

தாத்தா மடியைத் தொட்டுப் பார்த்தார். புதுவலைக்குச் சேர்த்த பணம் அதில் இருந்தது. "மாத்திரையே குடுங்க" என்றார். எனக்கு அன்று அவர்மேல் கோபம். வேன் திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை.

வலிப்புக்குப் பீனோபார்பிட்டோன், மூளை வீக்கத்துக்குப் பிரட்னிசோலோன். பத்து நாள் கட்டிவைத்து, யாரும் வாயருகே போகாமல் பார்த்துக்கொள்ளும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை ஊர்ப் பெரியவர்களிடம் நான் உரக்கப் படித்துக் காட்டினேன். பதினோராம் நாள் மணி வாலாட்டியபடி நின்றான். கட்டை தூக்கி வந்தவரே அவனுக்குக் கெளுத்தித் தலை கொண்டுவந்தார். வீக்கம் வடிந்ததால் வந்த தெளிவுதான் அது; கட்டி அங்கேயே இருந்தது. ஆடியில் மணி இறந்தான்.

இங்கிலாந்தில் 1971-இல் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக எடுக்கப்பட்ட நோயாளி, மூளைக்கட்டி இருக்குமோ என்று ஐயுறப்பட்ட ஒரு பெண்மணி. அந்தப் பாடம் நடந்தபோது வகுப்பில் மணியின் கதையைச் சொன்னேன். "கட்டிதான் என்று உறுதியாகத் தெரியுமா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றேன்.

கடைசி மாதத்தில் தாத்தா சோற்றையெல்லாம் தட்டின் இடப்பாதியிலேயே வைப்பார். மணி வழித்துத் தின்றுவிட்டுப் படகைச் சுற்றப் போவான். அவன் போனபின்னும் சில நாள் அந்த வட்டத் தடம் மணலில் இருந்தது.